நான்கு விமானங்களின் பெயர்கள்

ஆகஸ்ட் 3, 2024, சனி

கிருபா அக்கா ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள். மகள் பெர்த்தில் வீடு வாங்கி, அம்மாவை வரச் சொல்லிவிட்டாளாம். பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்தாயிற்று. திரும்பி வரும் எண்ணம் இல்லை. இருபத்தேழாம் தேதி காலை சென்னையிலிருந்து விமானம்.

இவ்வளவும் ரூபி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மனைவியும் என் அக்காவும் பல வருஷமாகத் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பதை நான் கெடுக்கவில்லை.

"மதினி ஏர்போர்ட்ல உங்கள ஒரு பத்து நிமிசம் பாக்கணும்ங்காவ," என்றாள் ரூபி.

"பார்த்து?"

"பாத்துன்னா? பாக்கதுக்குத்தான்."

என் தாய் மூன்று மாதம் படுத்துக் கிடந்ததை என்னிடம் சொல்லாமல் மறைத்தவள் அவள். கடலுக்கு அப்பால் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அடக்கத்துக்குப் பின் வெறும் மண்மேடுதான் மிச்சம் இருந்தது. இருபத்தைந்து வருஷம் ஆகிறது. பத்து நிமிஷத்தில் என்ன பேசிவிடப் போகிறோம்?

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை. நானே இறங்கிக் கழுவினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கல்லூரியில் எங்கள் துறையை மூடுகிறார்கள். இந்த ஆண்டு விமான நிறுவன மேலாண்மையில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். மாதக் கடைசி வரை விடுப்பில் இருக்கும்படி முதல்வர் சொன்னார். அவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர்; என் கட்டுரை ஒன்றைத் தன் பெயரில் வெளியிட்டவர். முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விமான நிறுவனம் எதுவும் எனக்கு வேலை தந்ததில்லை. பொருளாதார எம்.ஏ.வில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். (முதலிடம் வாங்கியவன் யாருடைய மருமகன் என்பது எல்லோருக்கும் தெரியும்.) விமானம் ஓட்டும் கம்பெனியை எப்படி நடத்துவது என்று இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு கணினி விளையாட்டு. இதை வகுப்பில் ஒருமுறை சொல்லித் தொலைத்திருக்கிறேன் போலிருக்கிறது. பழைய மாணவன் பிரசன்னா இன்று வாட்ஸப்பில் ஒரு இணைப்பு அனுப்பியிருந்தான். 'சார், நீங்க சொன்ன கேம் இதானே? இப்ப பிரவுசர்லயே ஓடுது.'

அதேதான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலிருந்து விளையாடினேன். மதியம் சாப்பிட மறந்தேன்.

விளையாட்டு எளிமையானது. உலக வரைபடம். ஆளுக்கொரு விமான கம்பெனி. மூன்று மாதம் ஒரு சுற்று. ஒவ்வொரு ஊருக்கும் ஆள் அனுப்பி, விமானம் இறங்க இடம் கேட்டுப் பேரம் பேச வேண்டும். இடம் கிடைத்தால் விமானம் வாங்கி அங்கே ஓட்டலாம். ஓர் ஊரில் இத்தனை இடம்தான் என்று கணக்கு உண்டு. ஒருவன் எடுத்துக்கொண்டால் அடுத்தவனுக்கு இல்லை. சிங்கப்பூர் யாரிடம் இருக்கிறதோ, ஆசியா அவனிடம்.

மாலைக்குள் சிங்கப்பூரைப் பிடித்தேன். எதிரில் இருந்தது வெறும் கணினி. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"ஐம்பத்து மூணு வயசுல பிளேன் ஓட்டுதியளோ?" என்று ரூபி எட்டிப் பார்த்தாள். "அப்படியே கேஸ் புக் பண்ணிருங்க."

ஆகஸ்ட் 9, வெள்ளி

அக்காவின் கணவர், என் அத்தான், தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையாக இருந்தார். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினி ஒன்றை 1994-இல் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். விளையாட்டு அதற்குள்ளேயே இருந்தது. நான் என் கம்பெனிக்கு 'இம்பீரியல் நெல்லை' என்று பெயர் வைத்தேன். அக்கா தன்னுடையதற்கு வைத்த பெயர் 'சும்மா ஏர்'. நான் கேலி செய்தேன். "ஜெயிச்சா சும்மா ஜெயிச்சேம்பேன், தோத்தா சும்மா தோத்தேம்பேன். ஒனக்குத்தாம்ல துரை, தோத்தா மானம் போகும்," என்றாள்.

அவள் கணக்கு டீச்சர். ஒரு விமானத்தில் எத்தனை இருக்கை காலியாகப் போகும் என்பதை மனக்கணக்காகவே சொல்வாள்.

பிறகு நான் மாலத்தீவுக்கு ஆசிரியர் வேலைக்குப் போனேன். தீவுப் பள்ளியில் ஒரே ஒரு கணினி, தலைமையாசிரியர் அறையில். நாங்கள் விளையாட்டை விடவில்லை. என் சுற்றை முடித்து ஒரு ஃப்ளாப்பியில் பதிந்து தபாலில் அனுப்புவேன். அவள் தன் பள்ளிக்கூடக் கணினியில் அதைப் போட்டு, தன் சுற்றை முடித்துத் திருப்பி அனுப்புவாள். போக மூன்று வாரம், வர மூன்று வாரம்.

கடிதம் எழுதுவது இருவருக்கும் பிடிக்காத வேலை. வாங்கும் விமானத்துக்கு நாமே பெயர் வைக்கலாம். பதினாறு எழுத்து வரை இடம் உண்டு. அதில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிச் செய்தி அனுப்பினோம். அவள் மகள் பிறந்தது எனக்கு ஒரு ஜெட் விமானத்தின் பெயராகத்தான் தெரிந்தது. 'பெண் 3 கிலோ' என்று பெயரிட்ட அந்த விமானம் மதராசுக்கும் பாங்காக்குக்கும் இடையே, விளையாட்டுக் கணக்கில், இரண்டு வருஷம் பறந்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயிலில் இன்று சகோதரனோடு ஒப்புரவாவது பற்றிப் பிரசங்கம். ரூபி பாதிரி ஐயரிடம் சொல்லி வைத்திருக்கிறாளோ என்று சந்தேகம்.

ஆகஸ்ட் 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

1999 ஜூலையில் அவள் அனுப்பிய ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் போயிருந்தது. நான் பத்துச் சுற்றாகக் குறி வைத்திருந்த ஊர். என் ஆள் அங்கே பேரத்துக்குக் காத்திருக்க, அவள் ஒரே சுற்றில் எல்லா இடத்தையும் அள்ளிவிட்டாள். இது நேர்மையாக நடக்காது. பேரம் தோற்றால் விளையாட்டைப் பழைய இடத்திலிருந்து திரும்பத் திறந்து, ஜெயிக்கும் வரை முயன்றிருக்க வேண்டும். (ஒன்றிரண்டு முறை நானும் செய்திருக்கிறேன். சிறிய ஊர்களுக்கு மட்டும்.) அந்த வாரம்தான் விமான நிறுவனம் ஒன்றிலிருந்து 'தங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி' என்று கடிதமும் வந்திருந்தது. ஏமாற்றுக்காரி என்று அவளுக்கு எழுதினேன். அதோடு விளையாட்டு நின்றது. அதற்குப் பிறகு அவள் ஃப்ளாப்பி அனுப்பவில்லை.

நவம்பர் 21-ஆம் தேதி, தீவு அலுவலகத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா போய்விட்டாள். படகு பிடித்து, மாலே வந்து, விமானம் கிடைத்து, பாளையங்கோட்டை போய்ச் சேர ஆறு நாள். ஆகஸ்டிலேயே வயிற்றில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்களாம். டிசம்பரில் என் ஒப்பந்தம் முடியும். நடுவில் வந்தால் வேலை போய்விடும். அவனிடம் போனிலும் சொல்லக்கூடாது, கடுதாசியிலும் எழுதக்கூடாது என்று அம்மா அக்காவிடம் வேதத்தின் மேல் சத்தியம் வாங்கினாளாம்.

கல்லறையில் வைத்தே கேட்டேன்: "ஒனக்குச் சத்தியம் பெரிசா, நான் பெரிசா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீ ஒண்ணும் பாக்கலியா?" என்றாள்.

"நான் எதைப் பார்க்க? பொணத்தக்கூடப் பாக்கலியே!"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "என் தப்புதான்," என்றாள். அவ்வளவுதான். குற்றத்தை ஒத்துக்கொண்டவளிடம் மேலே என்ன பேச?

ஆகஸ்ட் 17, சனி

ரூபியோடு சண்டை. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, டாக்ஸி சொல்ல வேண்டும் என்றாள். எனக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்றேன்.

"ஒங்க அத்தான் செத்ததுக்கும் போவல நீங்க."

"அன்று தேர்வுப் பணி."

"ஞாயித்துக்கிழமை என்ன பரீட்சை? அந்தம்மா ஒத்தப் பொம்பளையா நின்னாவ. ஒரு வார்த்தை ஒங்களப் பத்திக் கொறையாச் சொன்னாவளா? 'அவனுக்கு எம்மேல கோவம் இருக்கட்டும் ரூபி, அதாம் நல்லது'ன்னாவ. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அர்த்தம் வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. பெரிய மனுஷி மாதிரிப் பேசுவது அவளுக்குப் பழக்கம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்க் கோப்பை எடுத்தேன். அடியில் ஃப்ளாப்பிகள். எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பதினொன்று இருக்கின்றன. பத்து என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்று கடையில் சிரித்தார்கள். நான்காவது கடைக்காரர் சிரிக்காமல் ஏணி போட்டு ஏறினார்.

"ஃப்ளாப்பி ரீடரா? கோர்ட்டுக்காரங்க ஒருத்தர் வருவாரு சார், அவருக்கப்புறம் நீங்கதான். உள்ள என்னா வச்சிருக்கீங்க, சொத்துப் பத்திரமா?"

"விளையாட்டு."

"அட, வெளாட்டா!" அவர் பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். "பூஞ்ச புடிச்சிருக்கும் சார். ரெண்டு நாலு போயிருக்கும். கெடச்சத வச்சிக்கினு சந்தோசமா இருங்க."

ஆகஸ்ட் 22, வியாழன்

பிரசன்னா சொல்லித்தந்தபடி முதல் பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்று திறக்கவில்லை. மற்றவை திறந்தன.

விமானப் பட்டியலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் வைத்த பெயர்கள்: 'பாப்பா நடக்கா'. 'அம்மா தேடுதா'. 'மீன் சாப்டியா'. 'அழாம இரு'. இது நான் தீவுக்குப் போன புதிதில். நான் அழுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் விமானம் ஒன்றுக்கு 'இங்க மழை' என்று பெயர் வைத்திருக்கிறேன், அதிலிருந்து கண்டுபிடித்திருக்கிறாள்.

நான் வைத்த பெயர்களையும் பார்த்தேன். 'வெற்றி 1'. 'வெற்றி 2'. 'தோத்தியா'. 'வெற்றி 7'.

ரூபி சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பதினொன்றாவதைத் திறக்கவில்லை. மின்சாரம் சரியில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மின்சாரம் நன்றாகத்தான் இருந்தது.

பதினாலாம் தேதி எழுதியதில் ஒன்று சரியில்லை. சிங்கப்பூருக்குப் பிறகும் அவள் ஒரு ஃப்ளாப்பி அனுப்பினாள். அக்டோபர் முதல் வாரம் படகில் வந்தது. உறையில் அவள் கையெழுத்து. உள்ளே கடிதம் எதுவும் இல்லை, ஃப்ளாப்பி மட்டும். இன்னும் எதைப் பிடித்தாள் என்று பார்க்க நான் தயாராக இல்லை. கோப்புக்குள் செருகிவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன்.

அது விளையாட்டுத்தானே. விளையாட்டில் கோபித்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை இல்லையா?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ரூபி போன பிறகு திறந்தேன். கடைக்காரர் சொன்ன பூஞ்சை இதையாவது தின்றிருக்கக் கூடாதா என்றிருந்தது. முதல் முயற்சியிலேயே திறந்தது.

தன்னிடம் இருந்த பிரதியில் அவள் மறுபடி ஆடிய சுற்று. சிங்கப்பூரில் அவளுக்கு ஓர் இடம்கூட இல்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருந்தாள். வழித்தடங்களை மூடியிருந்தாள். என் ஆள் அங்கே இன்னும் பேரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தான். அடுத்து நான் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் மொத்தமும் எனக்கு வந்திருக்கும்.

கையில் இருந்ததை எல்லாம் கொட்டி நான்கு விமானம் வாங்கியிருந்தாள். எதற்கும் வழித்தடம் கொடுக்கவில்லை. நான்கும் மதராசில் சும்மா நின்றன. பெயர்கள்:

அம்மா கேன்சர்
சொல்லாத சத்தியம்
டிச. தாங்காது
துரை உடனே வா

போனில் சொல்லவில்லை. கடுதாசியில் எழுதவில்லை. கணக்கு டீச்சர். சத்தியத்தை ஓர் எழுத்து மீறாமல், எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த வழியில் அனுப்பியிருக்கிறாள். நான் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் சிங்கப்பூரைப் பார்க்காமல் இருக்க மாட்டேன் என்று நம்பியிருக்கிறாள்.

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து நவம்பர் 21. ஏழு வாரம். வேலையை உதறிவிட்டு வந்திருந்தால், பயண நாள் போக, ஆறு வாரம் அம்மா பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்த ஏழு வாரமும் வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா எழுந்து போய்ப் பார்த்திருப்பாள்.

'நீ ஒண்ணும் பாக்கலியா?'

பார்க்கவில்லை என்று என் வாயாலேயே சொன்னேன். அந்த நொடியில் அவளுக்குப் புரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் நான் சுருண்டு விழுந்திருப்பேன். அவள் சொன்னது, 'என் தப்புதான்'. என்னுடைய கோபம் அவள் மேல் இருக்கும் வரை அது என் மேல் திரும்பாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இருபத்தைந்து வருஷம் அந்தக் கணக்கை மாற்றவில்லை. அத்தான் சவப்பெட்டியில் கிடந்த அன்றும் மாற்றவில்லை.

ரூபி திரும்பி வந்து, "சோறு வச்சியளா?" என்றாள். அரிசி களைந்தேன். இரண்டு முறை களைந்தேன் என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

"நாளைக்கு வாரீயளா?"

"வருகிறேன்."

ரூபி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பல்லாவரத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் கால் மணி நேரம். டாக்ஸியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னை மன்னிச்சிரு அக்கா. நான் அந்த ஃப்ளாப்பியைப் பார்க்கவே இல்லை. நேற்று முன்தினம்தான் பார்த்தேன். மூன்று வாக்கியம். நூறு மாணவர் முன்னால் நின்று இருபது வருஷம் பேசியிருக்கிறேன். இந்த மூன்றும் வரிசை தவறிக்கொண்டே இருந்தன.

புறப்பாட்டு வாசலுக்கு வெளியே, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துவிட்டாள். தலை முழுக்க வெள்ளை. பெரிய பெட்டிகள் இரண்டு. அதில் ஒன்றின் கைப்பிடியில் அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள்.

"ஏல, வயித்தப் பாரு! ரூபி, இவனுக்கு என்னத்தப் போட்டு வளக்க?"

"நான் போடுததா மதினி? அவிய கோவத்தத் தின்னே வளந்தது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உள்ளே போகப் பயணிகளுக்கு மட்டும்தான் அனுமதி. காவலர் இரண்டு முறை எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்.

"சிங்கப்பூர்ல மூணு மணி நேரம் ஒக்காரணுமாம்," என்றாள். "அங்க எறங்கி, பிளேன் மாறி."

சிங்கப்பூர் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடங்கிவிட்டாள்.

"துரை, நான் ஒண்ணு கேக்கணும்டே. அம்மா கேட்டான்னு சத்தியத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். சாமி கோவிச்சாலும் பரவாயில்லன்னு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல. என்ன மன்னிச்சிரு."

"அக்கா, அந்தக் கடைசி ஃப்ளாப்பி..."

"எந்த ஃப்ளாப்பி?"

நான் முடிக்கும் முன்பே கேட்டாள். மிக வேகமாகக் கேட்டாள். எந்தச் சுற்றில் எந்த ஊருக்கு எத்தனை விமானம் விட்டோம் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள்.

"சிங்கப்பூரத் திருப்பி..."

"அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. சின்னப்புள்ளைய வெளாட்டு." என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியது. "நேரமாச்சு. மன்னிச்சிட்டேன்னு ஒருவாட்டி சொல்லுடே, நான் போயிருதேன்."

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் என் வாயை அடைத்தாளா? அல்லது உண்மையிலேயே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பத்து நிமிஷம் கேட்டாளா? கையை உதறி, உரக்கச் சொல்லியிருக்கலாம். காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குடும்பம் வண்டியோடு நெருக்கியது. இவை காரணமில்லை. அவள் நீட்டியது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் காரணம்.

"மன்னிச்சிட்டேன்," என்றேன்.

"நல்லா இரு," என்றாள். கையை விட்டாள். ரூபியைக் கட்டிக்கொண்டாள். கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இரண்டு முறை நேராக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்ஸியில் ரூபி வெகு நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேம்பாலம் ஏறும்போது என் கைமேல் கை வைத்தாள்.

"எத்தன வருசக் கோவம்! இன்னைக்கு வாயத் தொறந்து மன்னிச்சிட்டியளே. எல்லாருக்கும் இந்த மனசு வராது," என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.